வாசகருக்கு மறுக்க இடம் விடுங்கள்: நூலை இணையத்தில் அறிமுகம் செய்ய எழுத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, கைபேசியில் சேமித்து வைத்திருந்த 143 பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து அட்டைப்படத்தைப் போட்டேன். மதியத்துக்குள் 31 பேர் வெளியேறிவிட்டார்கள். மாலையில், பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஐயா தொலைபேசியில் அழைத்தார்.

"புத்தகம் வந்ததில் எனக்குப் பெருமை தம்பி. ஆனால் என் எண்ணை முன்பின் தெரியாத இத்தனை பேருக்குக் காட்டிவிட்டாய். காலையிலிருந்து இரண்டு பேர் மனை விற்பதாகக் கூப்பிட்டுவிட்டார்கள். குழுவிலிருந்து வெளியே வந்தால் நீ வருத்தப்படுவாயே என்று இந்நேரம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது. நூல் வந்த செய்தியைச் சொல்வதாக நினைத்து, எழுபது வயதைக் கடந்த ஒருவரைப் பகல் முழுக்கச் சங்கடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அவரால் மறுக்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நூல்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் எதைச் செய்வதற்கு முன்பும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: 'வேண்டாம்' என்று சொல்லவோ, எதுவும் சொல்லாமல் கடந்துபோகவோ எதிரில் இருப்பவருக்கு இடம் விட்டிருக்கிறேனா? கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

சொல்லாமல் இருப்பது பணிவு ஆகாது

நூலைப் பற்றிப் பேசவே கூசுகிற எழுத்தாளர்கள் நம்மிடையே நிறைய உண்டு. பாராட்டத்தக்க குணம்தான். ஆனால் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க முடியாத சிறு பதிப்பகம் தன் கைப்பணத்தைப் போட்டு அச்சடித்திருக்கிறது. நீங்களும் வாய் திறக்காவிட்டால் பிரதிகள் கிடங்கிலேயே கிடக்கும்.

நன்னூல் என்ற பழைய இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவருக்கும் இந்தத் தர்மசங்கடம் தெரிந்திருக்கிறது. 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்று முதலில் கண்டிப்பாகச் சொல்கிறார். உடனே அடுத்த சூத்திரத்தில் நான்கு விதிவிலக்குகளையும் தருகிறார். மன்னனின் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது புலவன் தன்னைப் பற்றிப் பேசலாம். இரண்டாவது விதிவிலக்கு நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. நம்மை அறியாத வாசகரிடம், நாம் யார், என்ன எழுதியிருக்கிறோம் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு சொல்கிறோம், எங்கே சொல்கிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது.

முதல் படி: அறிவிப்பை எழுதி முடியுங்கள்

அட்டைப்படத்தை மட்டும் போட்டு 'வந்துவிட்டது!' என்று எழுதுவது வாசகரை வேலை வாங்குவது. விலை என்ன, எங்கே கிடைக்கும், எதைப் பற்றியது என்று அவர் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டால் வாங்காமல் இருப்பது அவருக்கு மேலும் கடினம்.

இதற்கும் நன்னூலில் வழி இருக்கிறது. பாயிரம், அதாவது நூலின் முன்னுரை, எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது அது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள் (நூல் எதைப் பற்றியது), கேட்போர், பயன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தப் பட்டியலைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. குறிப்பாக 'கேட்போர்' என்ற ஒன்று. இந்த நூல் யாருக்கு என்று சொல்லிவிட்டால், தனக்கு இல்லை என்று தெரிந்தவர் மனக்குறையின்றி விலகிப் போகலாம்.

என் மூன்றாவது நூலுக்கு நான் எழுதிய அறிவிப்பைத் தலைப்பும் பதிப்பகத்தின் பெயரும் இல்லாமல் இங்கே தருகிறேன் (கண்மாய் என்பது பாசன ஏரி, கலுங்கு என்பது அதில் மிகுந்த நீர் வழிந்தோடும் கட்டுமானம்):

"சிவகங்கை மாவட்டத்தின் எட்டுக் கண்மாய்களைப் பற்றிய கட்டுரைகள். மடை திறந்தவர்கள், கலுங்கு கட்டியவர்கள், வாய்க்கால் தகராறில் ஊரைவிட்டே போனவர்கள் என 26 பேரிடம் நான்கு ஆண்டுகள் பேசி எழுதியவை. பாசன வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கும், தன் ஊர்க் கண்மாய் தூர்ந்துபோவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உரியது. 176 பக்கங்கள், விலை 220 ரூபாய், தபால் செலவு தனி. முதல் கட்டுரையை முழுமையாக இங்கே படிக்கலாம். வாங்க விரும்புவோர் பதிப்பகத்தின் எண்ணுக்கு எழுதலாம்."

இதில் 'தமிழில் இதுவரை வராத', 'அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டிய' போன்ற சொற்கள் இல்லை. அவை தீர்ப்புகள். தீர்ப்பு வாசகருடையது. 26 பேர், நான்கு ஆண்டுகள் என்பவை உண்மைகள். அந்த உழைப்பு எந்தப் பெயரடையையும்விடத் தெளிவாகப் பேசும்.

எழுதியதைக் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். இணைப்பு வேலை செய்கிறதா, விலை சரியா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பிலேயே ஒற்றுப்பிழை இருந்தால் உள்ளே எப்படியோ என்று வாசகர் தயங்குவார். அது நியாயமான தயக்கம்.

இரண்டாம் படி: படித்துப் பார்க்கக் கொடுங்கள்

துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டுவதுபோல, நூலில் ஒரு பகுதியை முழுதாகத் திறந்து வையுங்கள். 'மேலும் படிக்க நூலை வாங்குங்கள்' என்று பாதி வாக்கியத்தில் அறுக்கும் துணுக்கு வேண்டாம். ஒரு முழுக் கதை, ஒரு முழுக் கட்டுரை. பிடித்தால் வாங்குவார். பிடிக்காவிட்டால் 220 ரூபாயைச் செலவழித்துவிட்டு உங்களைக் கசப்போடு நினைக்காமல் இருப்பார்.

இரண்டு விஷயங்களை முதலில் சரிபாருங்கள். மின்னூல் உரிமை உங்களிடம் இருக்கிறதா, பதிப்பகத்திடமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்களே அமேசானின் கிண்டிலில் மின்னூலாக வெளியிட்டு, மின்வடிவத்தை அங்கே மட்டுமே தருவதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருந்தால், 90 நாட்கள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் அந்த மின்வடிவத்தை வேறு எங்கும் தரக்கூடாது. மாதிரிக்காக நூலில் பத்து விழுக்காடு வரை வெளியே வைக்க அந்தத் திட்டம் அனுமதிக்கிறது. 176 பக்க நூல் என்றால் 17 பக்கங்கள். ஒரு கட்டுரைக்கு அது போதும். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதே திட்டத்தில் ஒரு தவணைக்கு ஐந்து நாட்கள் மின்னூலை இலவசமாகத் தரலாம். அந்த நாட்களை முன்கூட்டியே அறிவியுங்கள். நேற்றுத்தான் பணம் கொடுத்து வாங்கியவர், இன்று இலவசம் என்று பார்த்தால் ஏமாந்ததாக உணர்வார்.

மூன்றாம் படி: சொந்தத் திண்ணையிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் முகநூல் பக்கம் உங்கள் திண்ணை. அங்கே நீங்கள் உட்கார்ந்து பேசலாம். கேட்க விரும்புகிறவர் நிற்பார், மற்றவர் நடந்துபோவார். ஆனால் ஐம்பது பேரைத் தொடுப்பிட்டு (டேக் செய்து) எழுதினால், பதிவு அவர்களுடைய பக்கத்திலும் தெரிய வாய்ப்பிருக்கிறது. அது அவர்கள் வீட்டுச் சுவரில் கேட்காமல் சுவரொட்டி ஒட்டுவது. நூலில் நேரடியாகப் பங்கு உள்ளவர்களை மட்டும் தொடுப்பிடுங்கள்: அட்டை வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர், முன்னுரை தந்தவர். அவர்களிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில்தான் பெரும்பாலானோர் தவறுகிறோம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழு, ஒலிபரப்புப் பட்டியல், சேனல் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. வெளியேறுவதும் நிர்வாகிக்குத் தெரியும். ஐயாவை நான் மாட்டிவைத்தது இங்கேதான். தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2019இல் கொண்டுவந்தது. வயதானவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களுக்குத் தெரியாதது நமக்கு அனுமதி ஆகிவிடாது.

ஒலிபரப்புப் பட்டியல் மேலானது. செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகிறது, எண்கள் வெளியே தெரிவதில்லை. உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். உங்களைத் தெரியாதவருக்குப் போகாது என்பதையே நான் அதன் சிறப்பாகக் கருதுகிறேன்.

சேனல் 2023இல் இந்தியாவுக்கு வந்தது. விரும்புகிறவர் தானே வந்து சேர்கிறார், அவர் எண் மற்ற வாசகர்களுக்குத் தெரியாது, விலகும்போது யாருக்கும் அறிவிப்புப் போகாது. வாசகருக்கு மிக அதிகமாக இடம் விடுவது இதுதான். தொடக்கத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பரவாயில்லை, அந்தப் பத்துப் பேரும் தாமாக வந்தவர்கள்.

எத்தனை முறை சொல்வது? நான் ஒரு நூலுக்கு நான்கு பதிவுகள் என்று வைத்திருக்கிறேன். நூல் வந்த செய்தி ஒன்று, மாதிரிப் பகுதி ஒன்று, புத்தகக் காட்சியில் எந்த அரங்கில் கிடைக்கும் என்பது ஒன்று, சில மாதங்கள் கழித்து வாசகர்கள் சொன்னதைத் தொகுத்து ஒன்று. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் முடியும்வரை எல்லா எழுத்தாளர்களும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னைப் புத்தகக் காட்சியை மனத்தில் வைத்தே பாதி நூல்கள் அச்சாகின்றன. நீங்கள் நாளுக்கு ஒன்று போட்டால், வாசகருக்கு அது நாற்பது எழுத்தாளர்களின் நாற்பது பதிவுகளோடு சேர்ந்து வருகிறது. நூல் ஜனவரியில் தயாராகிவிட்டாலும் அறிவிப்பைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடலாம். ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடக்கிறது. ஆண்டு முழுவதும் வாசகர் இருக்கிறார்.

நான்காம் படி: அடுத்தவர் இடத்தில் நடந்துகொள்ளும் முறை

வாசிப்புக் குழுக்களில் முதலில் வாசகராகச் சேருங்கள். மற்றவர்களின் நூல்களைப் பற்றி எழுதுங்கள், விவாதத்தில் கலந்துகொள்ளுங்கள். பிறகு நிர்வாகிக்குத் தனியாக எழுதி, என் நூலை இங்கே அறிமுகம் செய்யலாமா என்று கேளுங்கள். பல குழுக்களில் அதற்கென ஒரு நாளோ விதியோ இருக்கும். 'கூடாது' என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

இன்னொருவர் தன் நூல் வந்ததை அறிவிக்கும் இடத்தில் வாழ்த்திவிட்டு உங்கள் நூலின் இணைப்பைப் போடாதீர்கள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் நின்று நம் வீட்டுப் பத்திரிகையைக் கொடுப்பது போன்றது அது.

இதைவிட மோசமான ஒன்றையும் கண்டிருக்கிறேன். மூத்த எழுத்தாளர் ஒருவர் இறந்த செய்தியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'என் நாவலுக்கு முன்னுரை தருவதாகச் சொல்லியிருந்தார், அதற்குள் போய்விட்டார்.' அடுத்த வரியில் அந்த நாவலின் அட்டைப்படம், விலை, வாங்கும் இணைப்பு. இறந்தவரின் மகள் அதற்கு மேலே இரங்கல் எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். எழுதியவர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. நூல் வந்த பரபரப்பில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். அதனால்தான் மனத்துக்குள் ஒரு விதி வேண்டும்: துக்கத்தின் கீழே, வெள்ளம், விபத்து போன்ற செய்திகளின் கீழே, நூலின் பெயரைச் சொல்லவே கூடாது.

ஐந்தாம் படி: மதிப்புரை கேட்பது

யாரிடம் கேட்பது என்பதற்கே முக்கால்வாசி நேரத்தைச் செலவிடுங்கள். கண்மாய் நூலை நான் முதலில் இலக்கிய விமர்சகர்களுக்கு அனுப்ப நினைத்தேன். பிறகு யோசித்து, ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவருக்கும், கல்வெட்டுகளைப் படிக்கும் ஆசிரியர் ஒருவருக்கும், விவசாயிகள் சங்கத்தில் இருக்கும் ஒருவருக்கும் எழுதினேன். மூவரில் இருவர் படித்தார்கள். அந்த இருவர் வழியாக வந்த வாசகர்கள்தான் இன்றுவரை எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

பொறியாளருக்கு எழுதியது இது: "ஐயா, வணக்கம். கலுங்குகளின் கட்டுமானம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறேன். என் நூலின் மூன்றாம் இயல் அதே பொருளைத் தொடுகிறது. உங்களுக்கு நேரமும் விருப்பமும் இருந்தால் ஒரு பிரதி அனுப்புகிறேன். படித்தாலும் அதைப் பற்றி எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போது இயலாது என்றால் பதில் எழுதக்கூட வேண்டியதில்லை, நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். பதிலே வராமல் போகலாம் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் அவற்றைப் படித்ததால்தான் பதில் எழுதியதாக அவர் பிறகு சொன்னார்.

முகவரி கேட்காமல் நூலை அனுப்பிவிட்டு, 'கிடைத்ததா', 'படித்தீர்களா', 'எப்போது எழுதுவீர்கள்' என்று வாரம் ஒருமுறை கேட்பது அன்பளிப்பைக் கடனாக்குவது. நூல் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

ஆறாம் படி: நட்சத்திரங்கள்

அமேசானில் நண்பர்களும் உறவினர்களும் உங்கள் நூலுக்கு மதிப்புரை எழுதுவதை அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் நீக்கிவிடும். பணத்துக்கோ பரிசுக்கோ எழுதுவதற்கும் இடமில்லை. மதிப்பிட விரும்புகிறவருக்கு இலவசப் பிரதி தரலாம், ஆனால் பதிலுக்கு மதிப்புரை வேண்டும் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. 'நீங்கள் எனக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், நான் உங்களுக்குப் போடுகிறேன்' என்ற ஏற்பாடும் விதிமீறல்தான்.

விதி இல்லாவிட்டாலும் இது தவறு. அந்த நட்சத்திரங்களை நம்பி ஒரு கல்லூரி மாணவி தன் மதியச் சாப்பாட்டுப் பணத்தில் நூல் வாங்குகிறாள். அடுத்த முறை அவள் எந்தப் புதிய எழுத்தாளரையும் நம்ப மாட்டாள். நாம் கெடுப்பது நம் பெயரை மட்டும் இல்லை.

வாசகர் தாமாக 'நன்றாக இருந்தது' என்று எழுதினால், "நேரம் கிடைத்தால் இதையே பொதுவில் எழுத முடியுமா? உங்களுக்குத் தோன்றியபடியே எழுதுங்கள்" என்று கேட்கலாம். அவருடைய தனிச்செய்தியைப் படம்பிடித்து அவர் அனுமதி இல்லாமல் போடாதீர்கள், அது புகழ்ச்சியாகவே இருந்தாலும்.

ஏழாம் படி: கடுமையான விமர்சனம் வந்தால்

பதில் எழுதாதீர்கள். அன்று இரவு கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எதிராளி பழிக்கும்போது தன்னைப் புகழலாம் என்று நன்னூல் தரும் விதிவிலக்கை இங்கே பயன்படுத்த முடியாது என்பது என் கருத்து. அது வாதம் செய்ய வந்த புலவர்களின் அவைக்கு உரியது. வாசகர் நம்மோடு வாதிட வரவில்லை. காசு கொடுத்து, ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்துப் படித்துவிட்டு, மற்ற வாசகரிடம் பேசுகிறார். அந்தப் பேச்சுக்குள் நாம் நுழைந்தால் அவர் வாயை அடைக்கிறோம்.

ஒரு வாசகரின் இரண்டு நட்சத்திரக் குறிப்பைத் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டு, 'இவருக்கு என்ன புரிந்ததோ' என்று எழுதிய ஓர் எழுத்தாளரை எனக்குத் தெரியும். அவருடைய அன்பர்கள் நூறு பேர் போய் அந்த வாசகரை ஏசினார்கள். அந்த வாசகர் அதற்குப் பிறகு எந்த நூலைப் பற்றியும் எழுதவில்லை. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நூல் படித்துவிட்டு எழுதுகிறவர்களே குறைவு, அவர்களில் ஒருவரை நாமே துரத்திவிட்டோம்.

தகவல் பிழை இருந்தால் மட்டும், எடுத்துக்காட்டாக விலையோ பக்க எண்ணிக்கையோ தவறாக இருந்தால், ஒரு வரியில் நன்றியோடு திருத்தலாம்.

எட்டாம் படி: விற்பனையில் நேர்மை

நீங்களே பிரதிகளை அனுப்புவதாக இருந்தால், தபால் செலவோடு மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள். பணம் வந்ததும் கிடைத்தது என்று எழுதுங்கள், அனுப்பியதும் தபால் எண்ணைக் கொடுங்கள். வாங்க வந்தவர் தந்த முகவரியும் எண்ணும் அந்தப் பிரதியை அனுப்புவதற்கு மட்டுமே. அடுத்த நூலைப் பற்றிச் சொல்லலாமா என்று அப்போதே கேட்டு, 'சரி' என்றவரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'வாங்குகிறேன்' என்று சொல்லிவிட்டு வாங்காதவரிடம் திரும்பக் கேட்காதீர்கள். அவருக்கு அந்த மாதம் என்ன செலவோ.

உங்கள் நூலின் மின்படி ஏதாவது குழுவில் திருட்டுத்தனமாகச் சுற்றினால், பகிர்ந்தவரைப் பொதுவில் திட்டும் முன் நிர்வாகிக்குத் தனியாக எழுதுங்கள். என் அனுபவத்தில், பகிர்ந்தவர் பெரும்பாலும் நூலை விரும்பியவர்தான். தவறு என்று தெரிந்ததும் நீக்கிவிடுகிறார்கள். நீக்காவிட்டால் பதிப்பகத்திடம் சொல்லித் தளத்துக்கு முறைப்படி புகார் அளிக்கலாம்.

மூன்றாவது நூல் வந்தபோது ஐயாவுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். அதே அறிவிப்புதான், முன்னால் 'ஐயா, வணக்கம்' என்று சேர்த்து. பதில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, நான்காக மடித்த ஒரு தாள் தபாலில் வந்தது. நூலைக் கடையில் வாங்கிப் படித்திருந்தார். ஐந்தாம் கட்டுரையில் ஒரு மடையின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறேன், அவருடைய தாய்மாமன் ஊர் அது, சரியான பெயர் இது என்று பென்சிலில் எழுதி, அருகில் வாய்க்கால் போகும் வழியை வரைந்தும் காட்டியிருந்தார்.

திருத்தத்தை என் பக்கத்தில் வெளியிடப் போகிறேன், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று அழைத்துக் கேட்டேன். "பெயர் வேண்டாம் தம்பி, மடையின் பெயர் சரியாக இருந்தால் போதும்" என்றார். அப்படியே வெளியிட்டேன்.